ஜெபசிங்கின் ஜூலை

குற்றாலம் பேரருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். மலையில் விடாத மழை. தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி, கல்லும் கட்டையுமாக, செம்மண் நிறத்தில் விழுந்துகொண்டிருந்தது. போலீஸ்காரர் விசில் ஊதியபடி நடந்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் தலையில் எண்ணெய் வைத்த ஜனங்கள் துண்டும் சோப்பு டப்பாவுமாக நின்றார்கள். யஹ்யாவும் நின்றான்.

ஊருக்கு வந்ததிலிருந்து தினமும் வருகிறான். தென்காசியிலிருந்து மச்சானின் பைக். மேலகரம் தாண்டும்போதே சாரல் முகத்தை நனைக்கும். வந்து பார்த்தால் தடை. ஐந்தருவிக்குப் போனால் அங்கேயும் தடை. கொஞ்ச நேரம் கயிற்றடியில் நின்றுவிட்டுத் திரும்புவான்.

பக்கத்தில் நின்ற மதுரைக்காரர் ஒருவர், "சார் உள்ளூரா? எப்ப விடுவாங்க?" என்று கேட்டார்.

"தெரியலியே."

"உள்ளூரா இல்லையா?"

"உள்ளூர்தான்," என்றான் யஹ்யா. ஆனால் இவ்வளவு தண்ணீரை அவன் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

அவன் வேலை பார்ப்பது சவுதியில், தமாமில். கப்பலில் வரும் பிரேசில் கோழியை அடுக்கிவைக்கும் குளிர்க்கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். உள்ளே மைனஸ் பதினெட்டு. வெளியே ஜூலை மாதம் நாற்பத்தெட்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை. அதை முட்டிக்கொண்டு வண்டி உள்ளே போகும், வெளியே வரும். உள்ளே புருவத்தில் பனி ஒட்டும். வெளியே வந்ததும் அது உருகிக் கண்ணுக்குள் இறங்கும். அங்கே எல்லோருக்கும் இருமல் உண்டு. குளிருக்குப் போடும் கனத்த ஜாக்கெட்டைக் கம்பெனி இரண்டு பேருக்கு ஒன்று என்று கொடுத்திருந்தது. ஷிஃப்ட் மாறும்போது முந்தினவன் கழற்றிக் கொடுப்பதை அவன் வியர்வையோடு போட்டுக்கொள்ள வேண்டும். யஹ்யாவுக்கு முந்தினவன் ஜெபசிங்.

ஜெபசிங் வீரகேரளம்புதூர்க்காரன். யஹ்யாவைவிட இளையவன். ஒரே அறையில் யஹ்யாவுக்குக் கீழ்க்கட்டில், அவனுக்கு மேல்கட்டில். ஒருவன் தூங்கும்போது மற்றவன் வேலையில் இருப்பான். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது வெள்ளிக்கிழமை மட்டும்தான். அன்றைக்கு யஹ்யா மீன் கறி வைப்பான். பொதுச் சமையலறையில் அடுப்பு கிடைப்பதற்கு ஜெபசிங் விடிகாலையிலேயே ஒரு வெறும் சட்டியைக் கொண்டுபோய் வைத்து இடம் பிடித்திருப்பான். அதற்காக வங்காளிகளோடு சண்டையும் போட்டிருப்பான். ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருந்ததும் அந்த அறையில் அவன் ஒருவன்தான். யஹ்யாவின் தென்காசி பேங்க் அக்கவுண்டுக்கு அவன் நம்பர்தான் கொடுத்திருந்தது. மனைவி ஷமீம் பானு ஊரிலிருந்து ஏதாவது கட்டணம் கட்டும்போது, பிளாஸ்டிக் திரைக்கு வெளியே ஓடிவந்து, நடுங்கும் விரலால் ஓடிபி அனுப்புகிறவன் ஜெபசிங். புருஷனைவிட அவனுக்குத்தான் அவள் அடிக்கடி போன் செய்வாள். "ஒங்க வீட்டுக்காரருக்கு ஒரு மெசேஜ் கூட வராதாக்கும்?" என்று அவன் கேட்பான்.

லீவு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. அவரவர் வேலைக்குச் சேர்ந்த மாதத்தில். யஹ்யா சேர்ந்தது ஜனவரி முடிவில். அதனால் அவன் ஊருக்கு வரும்போதெல்லாம் அருவி வெறும் பாறையாக இருக்கும். பாறையில் கைலியைக் காயப்போட்டிருப்பார்கள். ஜெபசிங்குக்கு ஜூலை. இரண்டு டிரைவரும் ஒரே நேரத்தில் போக முடியாது என்பது மட்டும்தான் கம்பெனிக்கு முக்கியம். ஒருவன் போய்விட்டால் மற்றவன் இரண்டு ஷிஃப்டும் ஓட்டிச் சமாளிக்க வேண்டும். வேறு ஆள் போட மாட்டார்கள்.

இந்த வருஷம் ஜெபசிங்கின் ஜூலையை யஹ்யா கேட்டான். ஷிஃப்ட் மாறும் நேரம். ஜெபசிங் ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஜெபா, ஒன் ஜூலைய எனக்குத் தருவியாலே? என் ஜனவரிய நீ எடுத்துக்க."

"ஏன் அண்ணாச்சி? வீட்ல யாருக்கும் எதுவுமா?"

உண்மையைச் சொல்வதாகத்தான் யஹ்யா நினைத்துவைத்திருந்தான். சீசனுக்குப் போக வேண்டும், ஒரே ஒரு தடவை நல்ல தண்ணீரில் நிற்க வேண்டும், சிரிக்காதே என்று. ஜெபசிங்கின் முகத்தில் இருந்த கவலையைப் பார்த்தபோது அதைச் சொல்ல வெட்கமாகிவிட்டது.

"உம்மாவுக்கு கண் ஆப்பரேசன்," என்று வாயில் வந்தது.

அது போன வருஷத்து உண்மை. போன வருஷம் உம்மாவின் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். அப்போது அவன் லீவு கேட்கவில்லை. அவசரம் என்று கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். ஷமீம் பானு ஒருத்தியே ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தாள். அன்றைக்குச் சொல்லாத காரணம் நாக்கின் அடியிலேயே கிடந்திருக்க வேண்டும்.

ஜெபசிங் கையிலிருந்த ஜாக்கெட்டின் ஜிப்பை ஒரு தடவை மேலே இழுத்தான், கீழே இழுத்தான். பிறகு அதை உதறி நீட்டினான்.

"கண்ணுன்னா கூட ஆளு இருக்கணும்லா. போயிட்டு வாங்க."

கிளம்பும்போது ஒரு பார்சல் கொடுத்தான். பழுப்பு டேப்பால் இறுக்கிச் சுற்றி, மேலே மார்க்கரில் மனைவி கிறிஸ்டியின் பெயரை எழுதியிருந்தான். "துணிதான் அண்ணாச்சி. கொஞ்சம் சீக்கிரம் குடுத்திருங்க. தைக்கணும்." வேறெதுவும் சொல்லவில்லை. யஹ்யாவும் கேட்கவில்லை. வேதக்கார வீட்டில் துணி தைத்தால் கிறிஸ்துமசுக்காக இருக்கும், அதற்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

ஊருக்குப் போகிறவன் மற்றவர்களின் பார்சலைச் சுமப்பதும், போய் இறங்கியதும் அதை அந்தந்த வீட்டுக்கே கொண்டுபோவதும் அங்கே எல்லோருக்கும் பொதுவான வழக்கம். கொரியரில் போட்டால் கோபித்துக்கொள்வார்கள். கொண்டுபோனவன் உட்கார வேண்டும். கொடுப்பதைக் குடிக்க வேண்டும். நல்லா இருக்கான், மெலியவில்லை, இருமல் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சாமானைவிட அவர்களுக்குத் தேவை, தங்கள் ஆளை நேற்றுவரை பார்த்துக்கொண்டிருந்த ஒருவன்.

யஹ்யா மற்ற மூன்று பார்சல்களையும் கொடுத்துவிட்டான். ஜெபசிங்கின் பார்சல் பீரோவுக்கு மேலே இருந்தது. வீரகேரளம்புதூர் அப்படியொன்றும் தூரமில்லை. சுரண்டை பஸ்ஸில் ஏறினால் கிட்டத்தட்டப் போய்ச் சேர்ந்தமாதிரிதான். ஆனால் அங்கே போய் உட்கார்ந்தால் முதல் கேள்வி உம்மாவின் கண்ணாகத்தான் இருக்கும்.

கிறிஸ்டி போன் செய்தாள்.

"அண்ணாச்சி, வந்துட்டியளாம்லா. அவிய சொன்னாவ. அம்மாவுக்கு எப்படி இருக்கு?"

"இருக்காவ."

"நீங்க ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சிக்கிட்டு இருப்பிய. நானே வந்து வாங்கிக்கிடட்டா?"

"வேண்டாம் வேண்டாம். நானே கொண்டாறேன்."

போனை வைத்துவிட்டுப் பார்த்தான். உம்மா வாசல் படியில் உட்கார்ந்து, கண்ணாடி இல்லாமல், ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். இவளைக் கிறிஸ்டி பார்க்கக் கூடாது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் போன் வந்தது. தையல்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். "நாளைக்கு வாறேம்மா," என்றான். மறுநாள் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியவன், சுரண்டை ரோட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. குற்றாலத்தில் தடை எடுத்திருப்பார்களோ என்று ஒரு எண்ணம். எடுத்திருக்கவில்லை.

ஜெபசிங் இமோ ஆப்பில் குரல் அனுப்பியிருந்தான். பின்னால் ஃபோர்க்லிஃப்ட் பின்வாங்கும் பீப் சத்தம். "அண்ணாச்சி, சொட்டு மருந்து நேரத்துக்கு விடச் சொல்லுங்க. எங்க சித்திக்கு அதுலதான் கோளாறாப் போச்சு. தலைக்குத் தண்ணி ஊத்த விடாதிய." இருமினான். "சரி, வைக்கேன். கண்டெய்னர் வந்துட்டு."

யஹ்யா அதைக் கயிற்றடியில் நின்றுகொண்டு கேட்டான். பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பினான்.

வியாழக்கிழமை தடையை எடுத்தார்கள்.

மச்சான் கடையிலிருந்து போன் செய்து சொன்னான். யஹ்யா சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினான். தண்ணீர் தெளிந்திருந்தது. தலையில் எண்ணெயைக் கவிழ்த்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தான். முதல் அடி பிடரியில் விழுந்தபோது கால் தடுமாறியது. யாரோ இடுப்பைப் பிடித்து நிறுத்தினார்கள். கிடங்குக் குளிர் எலும்பிலிருந்து தொடங்கும். இது தோலிலிருந்து தொடங்கியது. அவன் சத்தம் போட்டான். பக்கத்தில் இருந்தவர்களும் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். போலீஸ்காரர் கம்பால் தட்டி வெளியே போகச் சொன்னார். போய்ச் சுற்றிக்கொண்டு மறுபடியும் நுழைந்தான். பழக்கடையில் ஒரு கிலோ மங்குஸ்தான் வாங்கி ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

வாசலில் தெரியாத செருப்புகள். உள்ளே பேச்சு.

"கட்டு எப்பம் பிரிச்சாங்க ஆச்சி? வலி இருக்கா?"

"எந்தக் கட்டு பிள்ளே?"

"கண்ணு ஆப்பரேசன்லா…"

"அது போன வருசமே முடிஞ்சிட்டே. இப்பம் தெருமுக்குல வாறவன் மூக்குல இருக்க முடி வரைக்கும் தெரியுது. நீ காதுல போட்டிருக்கது கவரிங்குதானே?"

யஹ்யா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே கிறிஸ்டி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, ஜெபசிங்கின் அதே நெற்றி. தோளில் ஈரத்துண்டும் கையில் மங்குஸ்தானுமாக நின்ற அவனை இருவரும் பார்த்தார்கள். அவன் தலையிலிருந்து எண்ணெய்த் தண்ணீர் சட்டையில் வடிந்துகொண்டிருந்தது.

ஷமீம் பானு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வாங்க. வீரகேரளம்புதூர்லருந்து வந்திருக்காவ. அப்பமே வந்துட்டாவ."

"மாமா, தண்ணி நல்லா விழுதா?" என்று அந்தப் பெண் கேட்டாள். கேட்டுவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கிறிஸ்டி பையைத் திறந்து கர்ச்சீப்பை எடுத்தாள், முகத்தைத் துடைத்தாள், மறுபடி உள்ளே வைத்தாள்.

"இவ ஜெமிமா," என்றாள். "வாற ஞாயித்துக்கிழமை இவளுக்குத் திடப்படுத்தல். பிஷப் வந்து தலையில கை வச்சு ஜெபிச்சு சபையில சேப்பாங்க. வெள்ளைத் துணி அவிய வாங்கித் தரணும்னு இருந்தது. அவியளே கொண்டுட்டு வாறதாத்தான் இருந்தது."

"எனக்குத் தெரியாதும்மா. அவன் சொல்லவே இல்ல."

"சொன்னா நீங்க லீவ வாங்க மாட்டியன்னு சொல்லல. ஆச்சி கண்ணு பெருசா, நான் வந்து நிக்கது பெருசான்னு எங்கிட்டயும் கேட்டாவ. நானும் சரின்னுட்டேன்." அவள் உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "இவ ராத்திரி ஜெபத்துல தெனமும் ஆச்சி கண்ணுக்காகக் கேக்கா. பேரு தெரியாது. தென்காசி ஆச்சின்னு சொல்லிக் கேக்கா."

உம்மா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். எழுந்து வந்து ஜெமிமாவின் தலையில் கையை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பார்சலை ஷமீம் பானுதான் பீரோ மேலிருந்து இறக்கிக் கொடுத்தாள். கிறிஸ்டி அங்கேயே டேப்பைப் பிரித்தாள். பூவேலை போட்ட வெள்ளைத் துணி. தையல்காரருக்குப் போன் செய்தாள். அவர் பேசியது வெளியே கேட்டது. இனி முடியாது, கையில் வேறு வேலை இருக்கிறது, போன வாரமே சொன்னேன்லா. அவள் துணியை மடித்துப் பையில் வைத்தாள்.

"போற வழியில ஒரு வெள்ளைச் சேலயும் ரெடிமேடு பிளவுசும் எடுத்துக்கிடுதோம். இது எங்க போகுது, கிறிஸ்துமசுக்குத் தச்சுக்கிடலாம்."

யஹ்யா மங்குஸ்தான் பையை ஜெமிமாவிடம் நீட்டினான். அவள் அம்மாவைப் பார்த்தாள். வாங்கிக்கோ என்று கிறிஸ்டி சொன்ன பிறகு வாங்கினாள்.

அவர்கள் போன பிறகு உம்மா அடுக்களையிலிருந்து பேசினாள். "என் கண்ண எதுக்குலே இழுத்த? கால்வலின்னு சொல்லிருக்கலாம்ல. அது நெசமாவே வலிக்கி. சொல்லிச் சொல்லிப் பாத்தாச்சு, எவன் கேட்டான்?"

ஷமீம் பானு தரையில் கிடந்த டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "கம்பெனிக்காரன் இந்தத் தடவ ஜூலைல விட்டுட்டான்னுல்லா எங்கிட்ட சொன்னிய. எங்களப் பாக்கத்தான் கேட்டு வாங்கிட்டு வந்தியளோன்னு கூட நெனச்சேன்." சுருட்டியதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, "போன வருசம் நான் ஆஸ்பத்திரி வராந்தால ஒத்தையா ஒக்காந்திருந்தேன்," என்றாள்.

யஹ்யா மாடிக்குப் போய் விஜய்பாண்டிக்குப் போன் செய்தான். தமாமில் கம்பெனி ஆபீசில் வருகைப் பதிவு பார்க்கிறவன். சிவகிரிப் பக்கத்து ஆள்.

"பாண்டி, நான் நாளைக்கே கெளம்பி வந்துட்டா ஜெபசிங்க விடுவாங்களாலே?"

"ஏன், ஊரு அதுக்குள்ள கசந்துட்டா?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"நீங்க வந்து மிஷின்ல வெரல வைக்கணும். அதுக்குப் பொறவுதான் அவன் பேருக்கு ரீ-என்ட்ரி விசா அடிப்பாங்க. இன்னிக்கி வியாழன், ஆபீஸ் பூட்டிட்டு. வெள்ளி சனி லீவு. ஞாயித்துக்கிழமை முதீர் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டா அடிப்பாங்க, வரலேன்னா திங்கள். பொறவு டிக்கெட்டு."

"ஞாயித்துக்கிழமை காலையில அவன் ஊர்ல இருக்கணும்."

"கம்பெனி என்ன டவுன் பஸ்ஸா அண்ணாச்சி, நெனச்ச எடத்துல ஏறி எறங்க? ஞாயித்துக்கிழமை அவன் அங்கன இருக்கணும்னா நீங்க போகாம இருந்திருக்கணும்."

விஜய்பாண்டி தெரியாமல்தான் சொன்னான். யஹ்யா போனை வைத்துவிட்டு ஜெபசிங்கின் நம்பரை எடுத்தான். பச்சைப் பொத்தான் மேல் விரல் இருந்தது. இப்போது அவன் உள்ளே இருப்பான், சிக்னல் இருக்காது என்று சொல்லிக்கொண்டான். மறுநாள், வெள்ளிக்கிழமை, தூங்குவான் என்று சொல்லிக்கொண்டான். அந்தச் சொட்டு மருந்துக் குரலுக்குப் பிறகு ஜெபசிங்கிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யஹ்யா வீரகேரளம்புதூருக்குப் போனான். யாரும் கூப்பிடவில்லை. வேதக்கோயில் வாசலில், வேப்பமர நிழலில், வண்டிகளுக்கு நடுவே நின்றான். ஆராதனை தொடங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் கிறிஸ்டி வெளியே வந்து யாரையோ தேடினாள். அவனைப் பார்த்தாள். நேராக வந்து தன் போனை நீட்டினாள்.

"எங்க அண்ணன் இன்னும் வந்து சேரல. எல்லாரும் உள்ள முன்னால நிக்கணும். நீங்க பிடிங்க. அவிய லைன்ல இருக்காவ."

போனில் ஜெபசிங். பனி ஜாக்கெட், தலையில் குல்லாய். சரக்கு இறக்கும் வாசல் பக்கம், சிக்னல் கிடைக்கும் அந்த ஒரே தூணடியில் நின்றிருந்தான். பின்னால் வெயில் வெள்ளையாக இருந்தது. யஹ்யாவின் முகம் தெரிந்ததும் அவன் கண் ஒரு நொடி அசையாமல் இருந்தது.

"கேமராவத் திருப்புங்க அண்ணாச்சி," என்றான்.

யஹ்யா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கடைசித் தூணில் சாய்ந்து, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். வெள்ளை உடுத்திய பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஜெமிமாவின் சேலை கஞ்சி மொடமொடப்பில் விறைத்து நின்றது. கரை தரையில் இழுபட்டது. இரண்டிரண்டு பேராகப் போய் முழங்காலிட்டார்கள். பிஷப் ஒவ்வொரு தலையிலும் கையை வைத்து ஜெபித்தார். வரிசை நகர்ந்தது. இன்னும் இரண்டு ஜோடிக்குப் பிறகு ஜெமிமா.

போனிலிருந்து யாரோ அரபியில் கத்தும் சத்தம் கேட்டது. யஹ்யா சத்தத்தைக் குறைத்தான். ஜெபசிங், "ரெண்டு நிமிசம், ரெண்டு நிமிசம்," என்பது கேட்டது. மறுபடி கத்தல். லாரியின் ஹாரன். யஹ்யாவுக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரியும். அந்த லாரி எங்கே நிற்கும் என்று தெரியும். மற்ற ஜூலைகளில் அதற்கு ஓட வேண்டியவன் அவன்தான். இன்றைக்கு அங்கே ஓட ஒரே ஒரு ஆள்.

திரை இருண்டது. ஜெபசிங் போனை ஜாக்கெட் பைக்குள் போட்டிருந்தான். அழைப்பு துண்டிக்கப்படவில்லை. துணி உரசும் சத்தம் வந்தது. பிறகு பிளாஸ்டிக் திரை அடிக்கும் சத்தம். பிறகு அதுவும் நின்றது. உள்ளே சிக்னல் கிடையாது.

ஜெமிமா முழங்காலிட்டாள். பிஷப்பின் கை அவள் தலைக்கு வந்தது.

யஹ்யா போனை இறக்கவில்லை. ஜெபசிங் திரும்பி வந்துவிட்டால், இப்போது, இந்த நொடியில், என்று இன்னும் உயரத் தூக்கிப் பிடித்தான். ஜெமிமா எழுந்து சேலைக் கரையைத் தூக்கிக்கொண்டு இடத்துக்குத் திரும்பினாள்.

திரை வெளிச்சமாகும்போது கடைசி ஜோடி எழுந்துகொண்டிருந்தது. ஜெபசிங்கின் புருவத்தில் பனி இருந்தது. மூச்சு வாங்கினான்.

"முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டுலே."

"வீடியோ எடுத்தியளா?"

அப்போதுதான் யஹ்யாவுக்கு அது தோன்றியது. அழைப்பைத் துண்டித்துவிட்டு வீடியோ எடுத்திருக்கலாம். அழைப்பு போய்விடக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டு, யாரும் இல்லாத போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"இல்லலே. நீ வந்துருவன்னு…"

ஜெபசிங் கையுறையின் பின்பக்கத்தால் முகத்தைத் துடைத்தான். பனி உருகிக்கொண்டிருந்தது. "சரி விடுங்க. போட்டோக்காரன் எடுத்திருப்பான்."

யஹ்யா வெளியே வந்தான். வேப்பமரத்தடியில் யாரும் இல்லை. போனைத் திருப்பித் தன் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"ஜெபா. உம்மா கண்ணு…"

"கிறிஸ்டி சொல்லிட்டா."

"நீ ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா என்ன சொல்லுவிய? அதான் கேக்கல." குல்லாயைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். "சீசனுக்குன்னு சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி."

"சொல்லிருந்தா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்." உடனே சொன்னான். "மாட்டேன்னு சொல்லிருப்பேன். நீங்க ரெண்டு நாளு எங்கிட்ட பேசிருக்க மாட்டிய. வெள்ளிக்கிழமை மீன் கறி வச்சுக் கூப்பிட்டிருப்பிய. அதோட முடிஞ்சிருக்கும்."

யஹ்யா தலையை ஆட்டினான். அது அப்படியேதான் நடந்திருக்கும்.

"தண்ணி எப்படி?" என்று கேட்டான் ஜெபசிங்.

"வியாழக்கெழமதான் குளிச்சேன். அதுவரைக்கும் தடை."

"ஒரு நாளா?"

"ஒரு நாளுதான்."

ஜெபசிங் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினான். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது, இருமலாலோ பனியாலோ. "ஒத்த நாளுக்கா ஓய்… சரி. மிச்ச நாளும் ஒழுங்காப் போய்க் குளிங்க. எம் மாசம் அது. சும்மா வீட்ல கெடந்து வீணாக்கிட்டு வந்தியன்னா ஒங்களுக்கு மேல்கட்டில்தான்." பின்னால் மறுபடி ஹாரன். "வைக்கேன். பிள்ளைகிட்ட சாயங்காலம் பேசுதேன்னு சொல்லுங்க."

கோயிலை ஒட்டிய கூடத்தில் சாப்பாடு போட்டார்கள். கிறிஸ்டி அவனையும் உட்காரச் சொன்னாள். போகும்போது ஒரு பார்சல் தர வேண்டும், தேதி சொல்லுங்கள் என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. மற்றவர்களிடம் பேசுவதைப் போலவே பேசினாள். ஜெமிமா வந்து போனை வாங்கிக்கொண்டாள். "அப்பா பாத்தாவளா மாமா?" என்று கேட்டாள்.

இன்னொரு பொய் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். அந்தப் பிள்ளை சந்தோஷப்பட்டிருக்கும்.

"இல்ல பிள்ளே. லோடு வந்துட்டு. என் வேலையையும் சேத்து அவன்தான் பாக்கான்."

அவள் போனைப் பார்த்தாள். "சரி மாமா," என்றாள்.

திங்கட்கிழமை யஹ்யா ஐந்தருவிக்குப் போனான். உம்மாவை ஆட்டோவில் ஏற்றி, ஷமீம் பானுவையும் மகள் சனோபரையும் கூட்டிக்கொண்டு. வழியில் உம்மாவின் காலை ஒரு டாக்டரிடம் காட்டினான். பெண்கள் பக்கம் அவர்கள் போனார்கள். அவன் ஆண்கள் வரிசையில் நின்றான்.

தண்ணீர் அளவாக விழுந்தது. உள்ளே போய் நின்றதும் காது அடைத்துக்கொண்டது. அங்கே நிற்கும்வரை யார் நினைப்பும் வரவில்லை. வெளியே வந்து துண்டைப் பிழியும்போதுதான் தமாமில் இப்போது என்ன நேரம் என்று மனம் கணக்குப் பார்த்தது. முதல் ஷிஃப்ட் முடிகிற நேரம். ஜாக்கெட்டை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. ஜெபசிங் அதைக் கழற்றாமலேயே இரண்டாவது ஷிஃப்டுக்குப் போவான்.

திரும்பிப் போனால் கேட்பான். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

யஹ்யா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மறுபடி வரிசையில் போய் நின்றான்.